பெயிண்ட் உரியாமல் ஸ்பாய்லரைக் கழற்றிய அனுபவம்

பாறசாலையில் ஒருவரிடமிருந்து நான் வாங்கிய பழைய சிவப்பு நிறக் காரின் டிக்கி மேல், முந்தைய உரிமையாளர் வெளியில் வாங்கிப் பொருத்திய, இறக்கை போன்ற ஸ்பாய்லர் ஒன்று இருந்தது. அதன் இடது முனை விரற்கடை அளவு எழும்பி, அடியில் தண்ணீர் தங்கிப் பாசி பிடித்திருந்தது. களியக்காவிளைப் பக்கத்து மழைக்கு அந்தத் தண்ணீர் உள்ளேயும் இறங்கி, ஸ்டெப்னி கிடக்கும் குழியில் எந்நேரமும் ஈரம் நின்றது. ஆகவே இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் அதைக் கழற்றிவிட முடிவு செய்தேன்.

முதலில் சென்ற பட்டறையில் ஒரு தம்பி, "அண்ணே, ஒரே இழுப்புல வந்துரும்" என்று ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் நுழைக்க வந்தார். கம்பெனி பெயிண்டின் அடுக்குகள் எல்லாம் சேர்ந்தாலும் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான், அதாவது இரண்டு தலைமுடிப் பருமன்தான் இருக்கும் என்பதால், வண்டியைத் திருப்பி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

டிக்கி மூடியின் உள்பக்க உறையைக் கழற்றிப் பார்த்தபோது இரண்டு 10 எண் நட்டுகளும், ஸ்பாய்லரிலிருந்த பிரேக் விளக்குக்குப் போகும் ஒயரும் தெரிந்தன. இதைப் பார்க்காமல் மேலிருந்தே இழுத்திருந்தால் தகடே வளைந்திருக்கும். ஒயரைப் பிரித்து முனையில் டேப் சுற்றி, நட்டுகளைக் கழற்றிய பிறகும் ஸ்பாய்லர் அசையவில்லை. மீதிப் பிடி முழுவதும் இருபக்கப் பசையுள்ள நுரை டேப்பில் இருந்தது.

சுற்றிலும் நன்றாகக் கழுவித் துடைத்து, மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டினேன். நுரை டேப்பைத் தூண்டில் நரம்பால்தான் அறுக்கப்போகிறேன்; மணல் ஒரு துகள் கிடந்தாலும் நரம்பு அதை இழுத்துக்கொண்டுபோய்க் கோடு போட்டுவிடும். வெயில் ஏறிய முற்பகலில், ஹேர் டிரையரை ஒரே இடத்தில் நிறுத்தாமல், தகட்டில் கை வைத்தால் பொறுக்க முடியாத சூடு வரும்வரை காட்டினேன். பிறகு குளச்சலில் வாங்கிய தங்கூசி நரம்பின் இரு முனைகளையும் குச்சிகளில் சுற்றிக்கொண்டு, சோப்புத் தண்ணீர் தெளித்து, எழும்பியிருந்த முனையிலிருந்து ரம்பம் அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்தேன். நரம்பு ஸ்பாய்லரின் அடிப்பக்கத்தை ஒட்டியே போக வேண்டும். பெயிண்ட் பக்கம் சாயக் கூடாது. நரம்பு இரண்டு முறை அறுந்தது. நுரை டேப் ஆறியதும் இறுகிவிடுவதால், ஒரு சாண் தூரம் அறுத்ததும் மறுபடி சூடு காட்ட வேண்டியிருந்தது.

கடைசி நான்கு விரற்கடையில் பொறுமை போய்விட்டது. கையால் தூக்கினேன், 'டிக்' என்ற ஓசையுடன், நகக்கண் அளவு பெயிண்ட் டேப்போடு சேர்ந்து வந்துவிட்டது. உற்றுப் பார்த்தால், அந்த மூலை முன்பே எப்போதோ பட்டறையில் பெயிண்ட் அடிக்கப்பட்டது. அதற்கு அடையாளமாக, டிக்கியைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டையான பீடிங்கின் ஓரத்தில் சிவப்புத் துளிகள் இருந்தன. தொழிற்சாலையில் சூட்டடுப்பில் காய்ந்த பெயிண்டின் பிடி, பட்டறைப் பெயிண்டுக்கு இருப்பதில்லை. பீடிங்கை முதலிலேயே பார்த்திருந்தால் அங்கே கை வைத்திருக்க மாட்டேன்.

தகட்டில் மிஞ்சிய கறுப்பு நுரையைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டியே பெரும்பகுதியை எடுத்தேன். மற்றதற்கு டபிள்யூடி-40 என்ற ஸ்பிரே எண்ணெயைத் தெளித்து, ஊறவிட்டுத் துணியால் துடைத்தேன். தின்னரைத் தொடவில்லை, அது பசையோடு, பெயிண்டின் மேலுள்ள நிறமற்ற அடுக்கான கிளியர் கோட்டையும் இளக்கிவிடும். ஸ்பாய்லரின் திருகாணிகள் நுழைந்திருந்த துளைகள் இரண்டிலும் துரு தெரிந்ததால், சுரண்டி பிரைமர் தடவி, ரப்பர் அடைப்பான் வைத்து சீலண்ட் பூசினேன். மெருகேற்றும் பசையான காம்பவுண்ட் போட்டுத் தேய்த்த பின்னும், ஸ்பாய்லர் மறைத்திருந்த இடம் மட்டும் வெயில் படாத புதுச் சிவப்பாகவே தெரிகிறது.

இடவப்பாதியின் முதல் வாரம் முழுவதும் வண்டி முற்றத்தில் நனைந்தது. பிறகு ஸ்டெப்னியைத் தூக்கிக் குழிக்குள் கை விட்டுப் பார்த்தேன். உலர்ந்த தூசிதான் கையில் ஒட்டியது.