சிப்பாயின் காகித வேலை: மாடிவீட்டுப் பையனுக்காக அலைந்த கதை

இஸ்ரேலில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். உனக்கும் ராணுவத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் கேட்கிறார்கள். சம்பந்தம் மாடியில் குடிவந்தது. அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸிலிருந்து தனியாகக் குடியேறி, ராணுவத்தில் சேரக் காத்திருந்த பத்தொன்பது வயதுப் பையன். கூடவே அவனைப் போல இன்னும் இரண்டு பேர்.

பெற்றோர் நாட்டில் இல்லாத இப்படிப்பட்டவர்களை இங்கே ‘ஹயால் போதேத்’, அதாவது தனிச் சிப்பாய் என்பார்கள். ‘காரின் ட்ஸபார்’ மாதிரித் திட்டத்தில் குழுவாக வந்தால் தங்க இடம், பார்த்துக்கொள்ள ஆள் எல்லாம் ஏற்பாடாகிவிடும். இவன் தன்னந்தனியாக வந்தவன். நான் பார்த்துக்கொள்ளும் பாட்டி துருக்கியின் இஸ்மிரில் பிறந்தவர், வீட்டில் லதீனோ (யூதர்கள் பேசும் பழைய ஸ்பானிஷ்) பேசி வளர்ந்தவர். படிக்கட்டில் அவன் போனில் அம்மாவோடு ஸ்பானிஷில் பேசுவது காதில் விழுந்ததும், பாதிக்கு மேல் புரிந்துவிட்டது பாட்டிக்கு. அந்த வெள்ளிக்கிழமையே சாப்பிடக் கூப்பிட்டுவிட்டார்.

குடியேற்றத்துக்கான பிறப்புச் சான்றிதழ், அது வெளிநாட்டில் செல்ல அப்போஸ்டில் முத்திரை, யூதர் என்று ரபி (யூத மதகுரு) தந்த கடிதம் எல்லாவற்றையும் அவன் அர்ஜென்டினாவிலேயே தயார் செய்திருந்தான். முதல் அழைப்பு நாளில் மருத்துவப் பரிசோதனை, நேர்காணல், எபிரேயத் தேர்வு. மொழி போதாது என்று வடக்கே எபிரேயம் கற்றுத்தரும் மிக்வே அலோன் முகாமுக்கு அனுப்பினார்கள். அதுவரைக்கும் ராணுவமே கையைப் பிடித்து இழுத்துப் போய்விடும். சிரமம் அப்புறம்தான்.

சலுகைகள் தாராளம். மற்ற சிப்பாய்களைவிடக் கூடுதல் சம்பளம், வாடகை உதவி, சொந்த வேலைகளுக்கு மாதம் ஒரு நாள் விடுப்பு, பெற்றோரைப் பார்க்க வெளிநாடு போய்வர நீண்ட விடுப்பு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் வேண்டும். தாள் தரும் அலுவலகமோ அவன் முகாமில் இருக்கும் நேரத்தில்தான் திறந்திருக்கும். அந்த ஒரு நாள் விடுப்பில் வங்கியைப் பார்ப்பானா, பல் டாக்டரைப் பார்ப்பானா? பகலில் வெட்டியாக இருக்கும் ஆள் யாராவது வேண்டும். நாங்கள் இருந்தோம்.

ரொம்ப இழுத்தது அர்னோனா, அதாவது குடியிருப்பவர் நகராட்சிக்குக் கட்டும் வரி. சிப்பாய்க்கு 70 சதுர மீட்டர் வரை விலக்கு உண்டு. பில்லோ பழைய வாடகைக்காரர் பெயரில் இருந்தது. பெயரை மாற்ற ஒப்பந்தம் கேட்டார்கள். ஒப்பந்தத்தில் மூன்று பெயர், அப்படியென்றால் மூன்று பேருடைய ராணுவச் சான்றும் வேண்டும். மூன்றாமவன் அதுவரை ராணுவத்தில் சேரவே இல்லை! பையன் கையெழுத்துப் போட்ட அதிகாரக் கடிதத்தோடு நாங்கள் போவோம். 80 வயதைக் கடந்தவர்கள் இங்கே வரிசையில் நிற்க வேண்டாம், சட்டமே இருக்கிறது. பாட்டி அடையாள அட்டையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிப்பார், நான் சக்கர நாற்காலியை நேராகக் கவுன்ட்டருக்குத் தள்ளுவேன். பின்னால் முணுமுணுப்பார்கள். பாட்டிக்குக் காது கேட்காது, அல்லது கேட்காத மாதிரி இருப்பார். கடைசியில் மூன்றாமவனும் சேர்ந்த பிறகுதான் விலக்கு கிடைத்தது.

2014 காஸா போரில் லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து வந்த மாக்ஸ் ஸ்டைன்பெர்க் என்ற சிப்பாய் இறந்தபோது, அவரை முன்பின் தெரியாதவர்கள் சுமார் 30,000 பேர் ஜெருசலேமில் அடக்கத்துக்குத் திரண்டார்கள். பாட்டி அதை அடிக்கடி சொல்வார். செத்தவனுக்கு அத்தனை கூட்டம், உயிரோடு இருப்பவனுக்கு ஒரு பில்லில் பெயர் மாற்ற ஆளில்லை என்று திட்டுவார்.

உருப்படியாக உதவியது ‘தாஷ்’ பெண். சிப்பாய்களின் வீட்டு நிலைமையைக் கவனிப்பது அவள் பொறுப்பு. அவளுக்கே இருபது வயதுதான் இருக்கும். வீடு பார்க்க வந்தவள் நேரே ஃபிரிட்ஜைத் திறந்தாள். பாதி எலுமிச்சை, காய்ந்துபோன ஹும்முஸ் டப்பா. ஒன்றும் சொல்லாமல் எழுதிக்கொண்டாள். கிடப்பில் இருந்த வாடகை உதவி அதற்கப்புறம்தான் நகர்ந்தது. புதிதாக யாருக்காவது உதவப் போகிறவர்கள் தளபதியைத் தேட வேண்டாம், முதலில் இவள் நம்பரை வாங்கிவையுங்கள்.

மற்றபடி எங்கள் வேலை வெள்ளிக்கிழமை. சப்பாத்துக்காக, அதாவது வெள்ளி மாலை தொடங்கும் யூதர்களின் ஓய்வுநாளுக்காக, பஸ் நிற்பதற்குள் வந்து சேர்வான். ஒரு மூட்டை சீருடை, செம்மண்ணும் கிரீஸுமாக. ஞாயிறு விடிவதற்குள் துவைத்து உலர்த்தித் தர வேண்டும். துப்பாக்கியும் கூடவே வரும். அது காணாமல் போனால் ராணுவச் சிறை என்பதால் குளிக்கப் போகும்போதுகூட அறையைப் பூட்டிவிட்டுத்தான் போவான். முதலில் எனக்கு அந்தப் பக்கம் பெருக்கவே பயம். சாப்பாட்டில் பிரச்சினை இல்லை. யூத முறைப்படி பாலும் இறைச்சியும் கலக்காத சமையலறையில், நெய் விடாத சாம்பார் எதனோடும் சேரும். சப்பாத்துக்குச் சுடும் ஹல்லா ரொட்டியை அதில் தொட்டுச் சாப்பிடுவான்.

அவன் ராணுவத்தில் இருக்கும்போது நடந்த போரில் எனக்கு ஒப்பாத விஷயங்கள் நிறைய. அதைப் பற்றிப் பாட்டிக்கும் எனக்கும் அடுப்படியில் சண்டையே வந்திருக்கிறது. துணி துவைப்பதை அதற்காக நிறுத்தவில்லை. அவன் போன் அணைந்து கிடந்த நாட்களில் புவனஸ் அயர்ஸிலிருந்து அம்மா ஸ்பானிஷில் குரல்செய்தி அனுப்புவார், பாட்டி லதீனோவில் பதில் சொல்வார்.

இப்போது ராணுவத்திலிருந்து அவன் விடுவிப்பு நெருங்குகிறது. அதோடு ராணுவத்தின் வாடகை உதவி நின்றுவிடும், அடுத்த வீட்டுக்கு இப்போதே பார்க்க வேண்டும். சேவை முடித்தவர்களுக்கு அரசு ஒரு வைப்புத்தொகை தருகிறது. முதல் ஐந்து வருஷம் அதைப் படிப்பு, வீடு, தொழில், கல்யாணம், டிரைவிங் லைசென்ஸ் மாதிரி குறிப்பிட்ட காரியங்களுக்குத்தான் எடுக்க முடியும். அவன் லைசென்ஸ் என்கிறான். பாட்டி கல்யாணம் என்கிறார், பெண்கூடப் பார்த்து வைத்திருக்கிறார்.