தட்டின் எடை

"ஜெபத்தைத்தான தம்பி நிப்பாட்டுன, கணக்க நிப்பாட்டலையே" என்று எங்கள் நண்டு கம்பெனியில் வேலை செய்கிற அந்த அக்கா கேட்டது கோபத்தில் இல்லை. கோபத்தில் கேட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். கையுறையைக் கழற்றி உதறிக்கொண்டே, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் வந்து வழக்கம்போலச் சிரித்தார். அவருக்கு அது அத்தோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை.

நண்டு கம்பெனியில் கணக்கு என்றால் எடை போட்டு எழுதுகிற வேலைதான், பெரிய உத்தியோகம் ஒன்றும் இல்லை. அவித்த நண்டை உடைத்துச் சதை எடுக்கிற பெண்களுக்குக் கிலோக் கணக்கில்தான் கூலி. தட்டோடு தராசில் வைப்பார்கள், தட்டின் எடையைக் கழித்துவிட்டு மிச்சத்தை நான் எழுதுவேன். முன்பு கனமான அலுமினியத் தட்டு, 350 கிராம் இருக்கும். அதையெல்லாம் எடுத்துவிட்டு பிளாஸ்டிக் தட்டு வந்தது, 230 கிராம். கழிக்கிற கணக்கு மட்டும் 350 என்றே நின்றுவிட்டது. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டதாக எனக்குத் தெரியவில்லை, பழைய கணக்கை யாரும் மாற்றவில்லை, அவ்வளவுதான். ஒரு தட்டுக்கு 120 கிராம், ஒரு ஆள் நாளுக்கு நாலு தட்டு வைத்தால் ஏறக்குறைய அரைக் கிலோ.

ஒரு வேடிக்கை என்னவென்றால், இதே சதையில் ஓட்டுத் துணுக்கு கிடக்கிறதா என்று நீல விளக்குக்குக் கீழே பரப்பிப் பார்ப்போம். டப்பாவில் அடைத்து அமெரிக்காவுக்குப் போகிற சரக்கு. நகக்கண் அளவு ஓடு கிடந்தாலும் மறுபடி தேடிப் பொறுக்கச் சொல்லித் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். தராசும் முத்திரை வைத்த தராசுதான், ஒரு கிராம் பிசகாது.

முதலாளியிடம் சொன்னேன். "சதையில தண்ணி வடியுதுல்லப்பா, அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சு" என்றார். அதில் உண்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஈரத்தோடுதான் வைப்பார்கள், ஐஸில் கிடந்து எடுத்தால் இன்னும் ஈரம். ஆனால் ஈரத்துக்குக் கழிவு என்றால் ஈரத்துக்கு என்று சொல்லிக் கழிக்க வேண்டும், எவ்வளவு என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும். இல்லாத தட்டின் பேரில் கழிப்பது வேறு விஷயம். பைபிளில் உபாகமம் 25-இல், பையில் பெரிய கல்லும் சின்னக் கல்லுமாக இரண்டு வகை நிறைகல் வைத்திருக்காதே என்று இருக்கிறது. எங்களிடம் இருந்தது ஒரு தட்டு கையிலும் ஒரு தட்டு நோட்டிலும்.

தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் பத்து நிமிஷம் ஜெபம். நடத்துவது நான். முதலாளி பெந்தெகொஸ்தே சபை, பெண்களில் பாதிப் பேர் கத்தோலிக்கர்கள், இந்துக்களும் முஸ்லிம்களும் உண்டு, எல்லோரும் உட்காருவார்கள். வரிசையாக வாசித்துக்கொண்டு போனதில் லேவியராகமம் 19 வந்தது. "நான் பரிசுத்தர், ஆகையால் நீங்களும் பரிசுத்தராயிருங்கள்" என்று தொடங்குகிற அதிகாரம். கேட்டால் ஏதோ வானத்தைப் பற்றிச் சொல்லப்போகிறது என்று தோன்றும். போகப் போகப் பார்த்தால் வயல் ஓரத்துக் கதிரை ஏழைக்கு விடு, கூலிக்காரன் கூலியை விடியும்வரை வைத்துக்கொள்ளாதே, செவிடனை நிந்திக்காதே, கடைசியில் "சுமுத்திரையான தராசும், சுமுத்திரையான நிறைகல்லும்", அதாவது சரியான தராசும் சரியான எடைக்கல்லும். பரிசுத்தம் என்று கர்த்தர் சொல்வது தராசு வரைக்கும் வந்து நிற்கிறது. நான் வாசித்து முடித்தேன், முதலாளி ஆமென் சொன்னார், எழுந்து போய்த் தராசைப் போட்டேன், 350 கழித்தேன்.

அடுத்த நாள் காலையில் அவரைத் தனியாகப் பார்த்துச் சொன்னேன். "இந்தக் கழிவு மாறுற வரைக்கும் நான் ஜெபம் நடத்தமாட்டேன் முதலாளி. கர்த்தர் பேரை வீணா எடுக்குற மாதிரி இருக்கு."

"சரிப்பா, உன் இஷ்டம்" என்றார்.

இந்தச் "சரிப்பா"வைத்தான் நான் பல மாதிரியாகப் போட்டுப் பார்த்திருக்கிறேன். வருத்தமா, நிம்மதியா, இவன் இத்தோடு விட்டானே என்கிற கணக்கா. முகம் நினைவில் இருக்கிறது, ஒன்றும் பிடிபடவில்லை. வேறு யாரையும் நடத்தச் சொல்லவில்லை, அவரும் நடத்தவில்லை. ஜெபம் நின்றது. ஷெட் திறந்ததும் நேரே மேஜைக்கு.

நான் யோசிக்காத இடம் அதுதான். அந்தப் பத்து நிமிஷம் எனக்கு ஆராதனை, அவர்களுக்கு உட்கார்ந்து மூச்சு வாங்குகிற நேரமும்கூட. விடியுமுன் எழுந்து சோறு வடித்து, பிள்ளையைக் கிளப்பி, கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு வருகிறவர்கள். அப்புறம் முதலாளி அவர்களோடு அதே தரையில் உட்கார்ந்தது அந்த நேரத்தில் மட்டும்தான். ஒருத்தி வீட்டுக்காரர் கடலுக்குப் போய் ரெண்டு நாளாகக் கரை திரும்பவில்லை என்று அழுததும், முதலாளி அன்றைக்கே ஆள் அனுப்பி விசாரித்ததும் அந்தத் தரையில்தான். கர்த்தருடைய நாமத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நான் எடுத்தது இவர்களுடைய பத்து நிமிஷத்தை. 120 கிராம் அப்படியே இருந்தது.

ஆனாலும் நான் செய்தது தப்பு என்று ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை, இப்போதும் வரவில்லை. நாதாபும் அபியூவும் ஆரோனுடைய சொந்தப் பிள்ளைகள், ஆசாரியர்கள், தூபகலசத்தில் கர்த்தர் கட்டளையிடாத அந்நிய அக்கினியைக் கொண்டுவந்தார்கள், அங்கேயே செத்தார்கள். அவர்களும் ஆராதனைதான் செய்ய வந்தார்கள். "என்னிடத்தில் சேருகிறவர்களால் நான் பரிசுத்தம்பண்ணப்பட்டு" என்று மோசே சொல்லும்போது பெற்ற தகப்பன் வாயைத் திறக்கவில்லை. அதை விளையாட்டாக வாசித்துவிட்டுப் போக என்னால் முடியாது. ஆமோஸும் இதையே சொல்கிறார், மரக்காலைச் சின்னதாக்கிவிட்டு ஓய்வுநாள் எப்போது முடியும் என்று காத்திருக்கிறவனுடைய பாட்டுச் சத்தம் தேவனுக்கு வேண்டாம். வாயில் ஜெபமும் கையில் கள்ளக் கணக்கும் என்றால் முதலில் ஜெபத்தை நிறுத்துவதுதானே மரியாதை?

மத்தேயு 5 மட்டும் இங்கே ஒத்து வரமாட்டேன் என்கிறது. காணிக்கையோடு வந்த இடத்தில், சகோதரனுக்கு உன்மேல் குறை இருக்கிறது என்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு ஒப்புரவாகு, அப்புறம் வந்து செலுத்து என்று இயேசு சொல்கிறார். நான் காணிக்கையை வைத்ததோடு நின்றுவிட்டேன். அந்தப் பெண்களில் ஒருவரிடமும் போய், உங்கள் தட்டு 230 தான் என்று சொல்லவில்லை. எப்படித் தெரிந்ததோ, அந்த அக்கா தானாகவே தெரிந்துகொண்டார்.

சொல்லாததற்கும் என்னிடம் காரணம் இருந்தது. வேலைக்காரர்கள் முரட்டு எஜமானுக்கும் கீழ்ப்படிய வேண்டும் என்று பேதுரு எழுதியிருக்கிறார், எங்கள் முதலாளி முரடரும் இல்லை. சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும், நாலு பேருக்கு வேலை போயிருக்கும். எனக்கும் போயிருக்கும். இந்தக் கடைசி வரி எப்போதுமே கடைசியாகத்தான் நினைவுக்கு வருகிறது.

எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரனுக்கு ஓரியூர் தெரியாமல் இருக்காது. போர்ச்சுக்கலில் இருந்து வந்த பாதிரியார் அருளானந்தர் 1693 பிப்ரவரி 4-இல் அங்கே தலை வெட்டுப்பட்டார். மறவர் தலைவர் தடியத்தேவர் திருமுழுக்குக் கேட்டபோது, ஒரு மனைவியைத் தவிர மற்றவர்களை விட்டால்தான் என்றார். விடப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் சேதுபதிக்குச் சொந்தம், அங்கிருந்துதான் வினை. அந்த ஒரு விஷயத்தில் கொஞ்சம் கண்ணை மூடியிருந்தால் உயிரோடு இருந்திருப்பார். (அந்த விடப்பட்ட பெண்களை அப்புறம் யார் கேட்டார்கள் என்கிற கேள்வியும் எனக்கு உண்டு, அது இங்கே வேண்டாம்.) கீழ்ப்படிதலுக்கு அவர் கொடுத்தது தலை. நான் கொடுத்தது? மாதச் சம்பளம் தேதி தவறாமல் வந்தது. வேலைக்கும் பத்து நிமிஷம் முன்னதாக உட்கார்ந்தேன்.

இதில் நான் பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றும் மிஞ்சாத மாதிரி அப்புறம் ஒன்று நடந்தது. சரக்கு வாங்குகிறவர்கள் சோதனைக்கு வந்தபோது எல்லா இடத்திலும் ஒரே அளவுத் தட்டு இருக்க வேண்டும், எடை தட்டிலேயே எழுதியிருக்க வேண்டும் என்றார்கள். ஒரே வாரத்தில் 230 என்று மார்க்கரில் எழுதி, நோட்டிலும் 230 ஆனது. என் ஜெபமும் அதை மாற்றவில்லை, நான் ஜெபத்தை நிறுத்தியதும் மாற்றவில்லை.

போன வாரம் முதலாளி மேஜை பக்கம் வந்தார். "இப்பதான் சரியாயிருச்சேப்பா, திங்கட்கிழமைல இருந்து ஜெபத்த ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் கள்ளம் இல்லை, அவருக்கும் அந்தக் காலை நேரம் இல்லாமல் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்த அக்காவிடம் கேட்டதற்கு, "பண்ணுனா உக்காருவோம்" என்றார், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பைபிளில் வருகிற வரி வசூலிப்பவன் சகேயு, அநியாயமாய் வாங்கினதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்னான். நாலு மடங்கு கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை, ஒரு மடங்கு போதும். பிளாஸ்டிக் தட்டு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு பேருக்கும் எவ்வளவு பாக்கி என்று பழைய நோட்டுகளை வைத்துக் கூட்டி, தனித் தாளில் எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை அவர் கேட்கும்போது அந்தத் தாளை முதலில் நீட்டுவதா, ஜெபத்தை ஆரம்பித்துவிட்டு ஒரு மாதம் கழித்து மெதுவாகப் பேசுவதா என்பதில்தான் நிற்கிறேன். மெதுவாகப் பேசினால் அவர் கொடுக்க வாய்ப்பு அதிகம். அதே நேரம், அந்த ஒரு மாதமும் நான்தான் பைபிளைத் திறந்து வாசிக்க வேண்டும்.