தொட்டாலா, சுட்டாலா

“தொட்டா ஒண்ணும் ஆகாதே தம்பி?” சூளைக்காரர் அப்படித்தான் கேட்டார் என்று இதுவரை இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேரும் சரி என்று விட்டுவிட்டார்கள். ஆனால் அன்றைக்கு, அவர் எங்கள் டேனரியின் (தோல் பதனிடும் ஆலை) கழிவுநீர்க் கசடை அள்ளிப் போக வந்தபோது, என் முதுகுக்குப் பின்னால் டிரம் ஓடிக்கொண்டிருந்தது. மர டிரம் சுற்றும்போது உள்ளே ஈரத்தோல் மேலே போய்த் தொப்பு தொப்பென்று விழும், பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதில் பாதியை உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். அவர் வாயில் வெற்றிலை வேறு. “சுட்டா ஒண்ணும் ஆகாதே” என்றுகூடக் கேட்டிருக்கலாம். செங்கல் சூளை வைத்திருக்கிறவர் எதைக் கேட்பார்?

நான் சொன்ன பதிலில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை. “ஒண்ணும் ஆகாதுண்ணே, இது பச்சை குரோம்தான்.”

தொட்டால் என்றுதான் கேட்டிருந்தார் என்றால் நான் சொன்னது பெரும்பாலும் சரி. டேனரியில் தோலுக்குப் போடுகிற குரோமியம் மூன்று நிலைக் குரோமியம். பச்சையாகவோ நீலப்பச்சையாகவோ இருக்கும். நம் உடம்புத் தோலில் அவ்வளவு சுலபமாக இறங்காது. சாப்பிடச் சொல்லவில்லை, ஒவ்வாமை வருகிறவர்களும் உண்டு, ஆனால் கையில் பட்டால் கழுவிக்கொண்டு போகலாம். நானே எத்தனையோ முறை போயிருக்கிறேன். நாம் காலில் மாட்டியிருக்கும் தோல் செருப்பிலும் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது.

சுட்டால் என்றால் அதே பதில் வேறு பதில்.

நியாயப்படி பார்த்தால் அந்தக் கசடில் சொல்லிக்கொள்ளும்படி குரோமே இருந்திருக்கக் கூடாது. அதற்குத்தானே குரோமைத் தண்ணீரிலிருந்து திரும்ப எடுக்கக் குரோம் ரெகவரி என்று ஒன்றை வைத்து அதைப் பார்த்துக்கொள்ள எனக்குச் சம்பளமும் தருகிறார்கள். தோல் எடைக்கு 8 சதவீதம் குரோம் பவுடர் போடுகிறோம், ஒரு டன் தோலுக்கு 80 கிலோ. தோல் குடிப்பது அதில் 60, 70 சதவீதம்தான். மிச்சம் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். அந்தத் தண்ணீரை மற்ற தண்ணீரோடு கலக்கவிடாமல் தனி வாய்க்காலில் பிடித்து, முடியையும் சவ்வையும் வடிகட்டி, தொட்டியில் விட்டு, மக்னீசியாவைக் கரைத்து ஊற்றிக் கலக்க வேண்டும். பி.எச். எட்டு, எட்டரைக்கு வந்ததும் கலக்கியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். சோடா போட்டாலும் குரோம் படியும், ஆனால் பஞ்சு மாதிரி மிதந்துகொண்டே நிற்கும், நாள் கணக்கில் இறங்காது. மக்னீசியா மெதுவாகக் கரைவதால் படிவு கனமாக, இறுக்கமாக உட்காருகிறது.

காலையில் வந்து முதல் வேலையாக அந்தத் தொட்டியை எட்டிப் பார்ப்பது இந்த வேலையில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம் என்று சொல்லலாம். முந்தின நாள் பாசிக்குளம் மாதிரி இருந்தது, விடிந்ததும் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் அரைத்த மருதாணி மாதிரி ஒரு படுகை. தண்ணீரை வடித்துவிட்டுப் படிவில் கந்தக அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் சூடேறிக் கரைந்து கரும்பச்சைத் திரவமாகிவிடும். மறுபடி டிரம்முக்குப் போகலாம். மேஸ்திரிகளுக்கு அதன்மேல் நம்பிக்கை கிடையாது, “பழைய குரோம் போட்டா கலர் மங்கும் சார்” என்பார்கள். ஏழு பங்கு புதிது, மூன்று பங்கு பழையது என்று சமாதானமாகி ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

அந்த வாரம் கலக்கியின் கியர் பாக்ஸ் போய்விட்டது. தொட்டி விளிம்புவரை நிறைந்துவிட்டது, அடுத்த லாட் டிரம்மில் இருக்கிறது, அதை வெளியே எடுத்தாக வேண்டும். மேனேஜருக்குப் போன் போட்டேன். “பார்த்து ஏதாவது பண்ணுங்க” என்றார். பார்த்து ஏதாவது பண்ணுவது என்றால் என்ன என்று எங்கள் இருவருக்குமே தெரியும். வால்வைத் திறந்தது நான்தான். மூன்று நாள் குரோம் தண்ணீர் பொது வாய்க்காலில் போய், சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து வருகிற தண்ணீரோடு சேர்ந்து, சுத்திகரிப்பில் போடுகிற சுண்ணாம்பையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் கசடுப் பாத்தியில் போய் உட்கார்ந்தது. ஆக, ஒரே கசடில் சுண்ணாம்பும் நிறைய, குரோமும் நிறைய.

டிரம்மில் இருந்த தோலை அப்படியே விட்டிருந்தால் லாட்டே போயிருக்கும், அந்த மாதம் நாற்பது பேர் சம்பளம் அதில்தான் இருக்கிறது என்று இங்கே எழுதலாம். எழுதிவிட்டுப் பார்த்தால், ஒரு நாள் வாடகைக்கு டேங்கர் பிடித்து அந்தத் தண்ணீரை நிறுத்தி வைத்திருக்கலாம் என்பதும் தோன்றுகிறது. அன்றைக்கு அது தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

சரி, சூளைக்காரருக்கு வருகிறேன். பாத்தியில் காய்ந்த கசடு அபாயகரமான கழிவு. சட்டப்படி அதற்கென்று இருக்கும் பாதுகாப்பான கிடங்குக்குத்தான் போக வேண்டும், அதற்கு வண்டி வாடகை, கட்டணம், காகிதம் எல்லாம் உண்டு. பாத்தி நிறைந்து கிடந்த சமயத்தில் இவர் டிராக்டரோடு வந்தார். களிமண்ணோடு பத்துக்கு ஒன்று கலந்தால் மண் மிச்சமாகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மேனேஜர் முகத்தில் அன்றைக்கு அப்படி ஒரு நிம்மதி. இரண்டு லோடு. எந்தக் காகிதத்திலும் வராத இரண்டு லோடு. கொடுக்கலாமா என்று என்னிடம் யாரும் கேட்கவில்லை, இதை நான் அடிக்கடி எனக்கே சொல்லிக்கொள்வேன். லோடு ஏறும்போது நான் பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான். அவர் ஒரு கட்டியைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார். கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டதால் “தொட்டா” என்றுதான் கேட்டிருப்பார் என்பது என் பக்கத்து வாதம். அவர் இருபது வருஷமாகச் சூளை போடுகிறவர், மண்ணைத் தொட எதற்குப் பயப்படப்போகிறார் என்பது எதிர்த்தரப்பு வாதம். இரண்டு வக்கீலும் நான்தான்.

மூன்று நிலைக் குரோமைச் சுண்ணாம்போடோ சோடாவோடோ சேர்த்துக் காற்றுப் படும்படி நன்றாகச் சுட்டால் ஆறு நிலைக்குப் போகும். அது மஞ்சள், தண்ணீரில் கரையும், புற்றுநோயை உண்டாக்கும். இது ஏதோ அபூர்வமான விஷயம் இல்லை. குரோம் தாதுவைச் சோடாவும் சுண்ணாம்பும் போட்டு வறுத்துத்தான் குரோமேட்டே செய்கிறார்கள், எங்களுக்கு வருகிற குரோம் பவுடரின் பிறப்பே அங்கேதான். அந்த மஞ்சளைச் சர்க்கரைப்பாகு மாதிரி ஏதாவது ஒன்றைப் போட்டுத் திரும்பப் பச்சையாக்கினால் டேனரிக்கு வருகிற பவுடர். அப்படி வறுத்துவிட்டு மிஞ்சியதைக் குவித்துத்தான் ராணிப்பேட்டையில் மூடிப்போன ஓர் ஆலைக்குப் பின்னால் ஒன்றரை லட்சம் டன் மேடாகி, சுற்றுவட்டாரத்தில் நிலத்தடித் தண்ணீர் மஞ்சளாக வந்தது. பழைய வேலூர் மாவட்டத்தில் குரோம் தொழிலில் இருக்கிற யாருக்கும் இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எனக்கும் தெரியும், அந்த நிமிடத்திலும் தெரியும். கேள்வியில் “சுட்டா” இருந்திருந்தால் என் வாய் தானாக நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். அல்லது அப்படி நினைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன்.

டேனரிக் கசடைச் செங்கல்லில் சேர்க்கலாம் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. களிமண்ணிலுள்ள சிலிக்கா உருகிக் குரோமைக் கட்டிப்போட்டுவிடும் என்பார்கள். ஆய்வகத்து உலையில் அளந்து கலந்து சுட்டால் அப்படி நடக்கலாம். விறகும் உமியும் போட்டு எரிக்கிற நாட்டுச் சூளையில் அடிக்கல் கருகும், மேல்கல் வேகாது. எந்தக் கல் எப்படி வெந்தது என்று யாருக்குத் தெரியும்?

இரண்டு வருஷம் கழித்து ஒரு மழை நாளில் அந்த ஊர்ப்பக்கம் போனபோது புதிதாகக் கட்டி, பூசாமல் விட்டிருந்த ஒரு காம்பவுண்டு சுவரில் மஞ்சள் பூத்திருந்ததைப் பார்த்தேன். லேசான, பச்சை கலந்த மஞ்சள். செங்கல்லில் அப்படிப் பூப்பது புதிதில்லை, மண்ணில் வனேடியம் இருந்தாலும் அந்த நிறம் வரும். அவர் சூளைக் கல்தானா என்றும் தெரியாது. பைக்கை நிறுத்திச் சாவியால் சுரண்டிக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்தேன். லேபில் தண்ணீரில் ஊறவைத்து, அமிலம் விட்டு, டைஃபீனைல் கார்பசைடு ஊற்றினேன். ஆறு நிலைக் குரோம் இருந்தால் ஊதாவாகும். லேசாக, மிக லேசாக ரோஸ் வந்தது. வெள்ளைக் காகிதத்தைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன், வந்திருக்கிறது. அப்புறம்தான் உறைத்தது, மஞ்சள் அதிகமாக இருந்தது கல்லும் கல்லும் சேரும் இடத்தில், நான் சுரண்டியதும் அங்கேதான். சிமெண்டிலும் கொஞ்சம் ஆறு நிலைக் குரோம் இருக்கும். கல்லின் நடுவில் சுரண்டியிருக்க வேண்டும். இந்தத் தப்பைக் கல்லூரிப் பையன் செய்தால் திட்டுவேன்.

திரும்பப் போய் நடுவில் சுரண்டுவதற்கு வழியில் கால்மணி நேரம் கூட ஆகும். எட்டு மாதமாக அந்த வழியாகப் போகவில்லை. வேலை இருந்தது என்பது உண்மை.

இதற்கு நடுவில் எங்கள் ரெகவரியைப் பார்க்க மாணவர்கள் வந்தார்கள். கழிவு என்று எதுவும் இல்லை, இடம் மாறிய பொருள்தான் இருக்கிறது என்று வழக்கமாகச் சொல்வதையே சொன்னேன், ஒரு பெண் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். பொய் இல்லை அது. இடம் மாறி எங்கே போகும் என்று அவள் கேட்கவில்லை.

போன மாதம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், டிரம் நிறுத்தியிருந்தபோது, டிரம் பார்க்கிற பெரியவரிடம் பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டேன். அன்றைக்கு அவரும் எங்களோடு நின்றிருந்தார். “சூளைக்காரர் என்னிடம் என்ன கேட்டார், ஞாபகம் இருக்கா?” அவர் தூக்குச்சட்டியின் மூடியைத் திருகிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

“கொட்டினா ஒண்ணும் ஆகாதேன்னு கேட்டாரு சார். எல்லாத்தையும் உடனே சுட முடியாதில்ல. அவரு கெணத்து மேட்டுலதான் கொட்டி வெக்கணும்னாரு.”