கரண்ட் போய் வந்தால் உறையும் கடிகாரம்: இசட்80 போர்டுக்கு ரீசெட் சர்க்யூட் போட்ட கதை

பழைய இசட்80ஏ சிப் (கம்ப்யூட்டரின் மூளையான சிபியூ) ஒன்று கையில் இருந்தது. 2024இல் சிலாக் நிறுவனம் இதன் 40 கால் வகைகளுக்குக் கடைசி ஆர்டர் வாங்கி முடித்துவிட்டது என்று படித்த பிறகுதான் அதை டப்பாவிலிருந்து வெளியே எடுத்தேன். துடிப்பு கொடுக்க 4 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டர், நிரலை வைக்க ஒரு ஈப்ராம், ஒரு ராம், சிபியூவை டிஸ்பிளேயோடு இணைக்கும் 8255 சிப், நான்கு இலக்க எல்இடி டிஸ்பிளே. ஒரு சுவர்க் கடிகாரம், அவ்வளவுதான்.

ஆன் செய்ததும் சிபியூவைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்து, நிரலை ஆரம்பத்திலிருந்து ஓட விடுவதுதான் ரீசெட். அதற்கு எல்லோரும் போடுவதையே போட்டேன். 5 வோல்ட்டிலிருந்து 10கே ரெசிஸ்டர், அங்கிருந்து கிரவுண்டுக்கு 10 மைக்ரோஃபாரட் கபாசிட்டர், நடுப்புள்ளி நேராக இசட்80க்கு. இசட்80 அந்தக் கால் லோவில் (0 வோல்ட் பக்கம்) இருக்கும்வரை ரீசெட்டில் நிற்கும். 8255க்கு ரீசெட் தலைகீழ், அதாவது ஹையில்தான் (5 வோல்ட் பக்கம்) வேலை செய்யும். அதனால் அதே புள்ளியிலிருந்து, ஹையை லோவாகவும் லோவை ஹையாகவும் புரட்டும் 74எல்எஸ்04 இன்வெர்ட்டர் சிப் வழியாக அதற்கு ஒரு கம்பி. கணக்குப்படி டைம் கான்ஸ்டன்ட், அதாவது கபாசிட்டர் எவ்வளவு மெதுவாக ஏறும் என்பதன் அளவு, 100 மில்லி செகண்ட். இசட்80க்குத் தேவை மூன்றே மூன்று கிளாக் (ஆஸிலேட்டர் துடிப்பு), அதாவது முக்கால் மைக்ரோ செகண்ட். இவ்வளவு தாராளமாகக் கொடுத்திருக்கிறோமே என்று நினைத்தேன். அந்த மூன்று கிளாக் கணக்கு வோல்டேஜ் நிலைத்து, கிளாக்கும் ஓட ஆரம்பித்த பிறகுதான் தொடங்குகிறது. ஆக, ரீசெட் எவ்வளவு நேரம் வேண்டும் என்பதை முடிவு செய்வது பவர் சப்ளை.

பத்து நாள் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு மாலை கரண்ட் போய், வீட்டு இன்வெர்ட்டர் பிடித்துக்கொண்டது. கடிகாரம் 6:4 என்று காட்டி, கடைசி இலக்கம் அணைந்து, அப்படியே நின்றுவிட்டது. பிளக்கைப் பிடுங்கி மாட்டினேன், அப்போதும் அதே கோலம். நிதானமாகப் பத்து செகண்ட் விட்டு மாட்டினால்தான் உயிர் வந்தது.

இதைக் கையால் சோதித்துக்கொண்டிருந்தால் விடியாது. ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கட்டுப்பாட்டு போர்டும், அது இயக்கும் சுவிட்சாக ஒரு ரிலே மாட்யூலும் எடுத்து, போர்டுக்குப் போகும் 5 வோல்ட்டை 10, 50, 200 மில்லி செகண்ட் எனத் துண்டித்துத் துண்டித்துக் கொடுக்க வைத்தேன். ரிலே காண்டாக்ட் கொஞ்சம் துள்ளும். துள்ளட்டும், வீட்டுக் கரண்ட்டும் அப்படித்தான் வருகிறது.

வோல்டேஜைக் கோடாக வரைந்து காட்டும் ஸ்கோப்பில் பார்த்ததும் விஷயம் பட்டென்று புரிந்தது. 10 மில்லி செகண்ட் துண்டிப்பில், போர்டில் இருக்கும் 1000 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் கொஞ்சம் தாங்கியதால், சப்ளையின் மஞ்சள் கோடு 5 வோல்ட்டிலிருந்து 2.8 வரை இறங்கி ஏறியது. ரீசெட் புள்ளியின் நீலக் கோடு அசையக்கூட இல்லை. ரீசெட் கபாசிட்டர் காலியாக வேண்டுமென்றால் அந்த 10கே வழியாகத்தான் காலியாக வேண்டும். பத்து மில்லி செகண்டில் அது எங்கே நடக்கப்போகிறது? 2.8 வோல்ட்டில் சிபியூ எதையோ படித்து எங்கேயோ தாவிவிட்டது, அதைத் திருப்பிக் கூப்பிட ஆளில்லை. போதாக்குறைக்கு, சாதாரணமாக ஆன் செய்யும்போதும் நீலக் கோடு மெதுவாக ஏறுகிற இடத்தில் 74எல்எஸ்04இன் அவுட்புட் தேய்ந்த பிரஷ் மாதிரி சிலிர்த்துக்கொண்டு நின்றது. அத்தனை நாள் ஓடியதே அதிர்ஷ்டம்.

சரி, அடுத்தது புத்தக வைத்தியம். சப்ளை இறங்கினால் கபாசிட்டர் சீக்கிரம் காலியாக, 10கேவுக்கு இணையாக ஒரு 1என்4148 டயோடு, கேத்தோடு 5 வோல்ட் பக்கம். பிறகு 74ஹெச்சி14 ஷ்மிட் ட்ரிகர் இன்வெர்ட்டர் இரண்டு கட்டம்; ஏறும்போது ஒரு வோல்டேஜிலும் இறங்கும்போது அதைவிடக் குறைந்த வோல்டேஜிலும் புரளுவதால் இது நடுவில் தடுமாறாது. முதலாவது 8255க்கு, இரண்டாவது சிபியூவுக்கு. சிலிர்ப்பு போனது. 200 மில்லி செகண்ட் துண்டிப்பில் ஒவ்வொரு தடவையும் எழுந்தது. 10 மில்லி செகண்டில் மட்டும் மறுபடி உறைந்தது. யோசித்தால் நியாயம்தான். சப்ளை 2.8க்கு இறங்கினால் டயோடு கபாசிட்டரை 3.4 வரைதான் இழுக்கும், ஷ்மிட் கீழே விழ இரண்டு வோல்ட்டுக்கும் கீழே போக வேண்டும். இந்த சர்க்யூட்டுக்கு 5 வோல்ட் என்றால் எவ்வளவு என்றே தெரியாது. சப்ளை இறங்கினால் அதன் அளவுகோலும் கூடவே இறங்கிவிடுகிறது.

கடைசியில் சப்ளையைக் கண்காணித்து ரீசெட் கொடுக்கும் டிஎல்7705ஏ சிப் வாங்கினேன். எட்டுக் கால், பிரெட்போர்டில் குத்தலாம். உள்ளே தனி ரெஃபரன்ஸ் (சப்ளையோடு சேர்ந்து இறங்காத அளவுகோல் வோல்டேஜ்) இருக்கிறது, 4.55 வோல்ட்டுக்குக் கீழே போனால் ரீசெட். சப்ளை திரும்பி வந்த பிறகு எவ்வளவு நேரம் பிடித்து வைக்க வேண்டும் என்பதை ஒரு கபாசிட்டர் தீர்மானிக்கும். 10 மைக்ரோஃபாரட்டுக்கு 130 மில்லி செகண்ட். ஹை, லோ இரண்டு அவுட்புட்டும் இருப்பதால் இன்வெர்ட்டர் சிப்பே வேண்டாம். லோ அவுட்புட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு 10கே, ஹை அவுட்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 10கே போட வேண்டும். இரண்டாவதை மறந்து, 8255 பக்கத்தில் கையைக் கொண்டுபோனாலே டிஸ்பிளே மாறும் வித்தையை அரை மணி நேரம் ரசித்தேன்.

அதைப் போட்டதும் புதுக் கூத்து. ஆன் செய்தால் 8888 என்று மின்னும், அணையும், மறுபடி 8888. ஆரம்பத்தில் எல்லா செக்மென்ட்டையும் எரிய வைத்துச் சோதிக்கும் துண்டு நிரலில் இருக்கிறது. அதில்தான் பிழை என்று ஒரு முழு மாலை ஈப்ராமை அழித்து எழுதினேன். அப்புறம் மீட்டரை எடுத்து வைத்தால் சிப் காலில் 4.68 வோல்ட். 8888 எரியும்போது 4.5, அதாவது ரீசெட் எல்லைக்கும் கீழே. அடாப்டரில் குறையில்லை, பிரெட்போர்டுக்குப் போன மெல்லிய ஜம்பர் வயர் தின்றுகொண்டிருந்தது. இத்தனை நாள் அந்த வோல்டேஜில்தான் ஓடியிருக்கிறது, சொல்ல ஒருத்தரும் இல்லை. தடித்த வயரை நேராக சால்டர் வைத்ததும் 4.92.

ராத்திரி முழுக்க ரிலேயை டக்டக்கென்று அடிக்க விட்டேன். காலையில் கடிகாரம் 0:00இல் தொடங்கி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு துண்டிப்பில்கூட உறையவில்லை. நேரம் மட்டும் ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது. ராமுக்கு பேட்டரி வைக்க வேண்டும், சப்ளை இறங்கும்போது ராமைத் திறக்கும் சிப் செலக்ட் காலையும் இதே ரீசெட்டால் பூட்ட வேண்டும். பேட்டரி ஹோல்டர் இன்னும் வாங்கவில்லை.