தெக்கால வர்றானுங்களாம்!

வேலூர்க்காரர்களைச் சீண்ட வெளியூர்க்காரர்களிடம் ஒரு பட்டியல் எப்போதும் தயாராக இருக்கும். தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கடைசிக் குறையை 1981லேயே தீர்த்தாகிவிட்டது. எங்கள் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைத்தான் கோட்டைக்குள் கொண்டுபோய் வைத்தார்கள் என்பதில் எங்கள் ஏரியாவுக்கு இன்றும் ஒரு மிதப்பு உண்டு. பாலாற்றுக்கும் மலைக்கும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ராஜா வேலை மட்டும் காலியாக இருந்தது. அதில் லேப்டாப் வழியாகச் சேர்ந்துவிட்டேன்.

ஆட்டத்தின் பெயர் 'தி லாஸ்ட் ஸ்பெல்'. பிரான்ஸ் நாட்டு இஷ்டார் கேம்ஸ் உருவாக்கி, 2023 மார்ச்சில் முழுமையாக வெளிவந்தது. பகலெல்லாம் ஊரைக் கட்ட வேண்டும். இடிபாடுகளில் ஆட்களை விட்டுத் துழாவினால் கொஞ்சம் தங்கமும் கட்டுமானப் பொருளும் தேறும். அதை வைத்து வீடு, சுரங்கம், மதில். இருட்டிவிட்டால் ஊரைச் சுற்றியுள்ள ஊதா மூடுபனியிலிருந்து பேய்ப்படை சாரை சாரையாக வரும். ஊர் நடுவே மந்திரவாதிகள் உட்கார்ந்து ஒரு மந்திரம் ஓதிக்கொண்டிருப்பார்கள். அது முடியப் பல ராத்திரிகள் ஆகும். அதுவரை அவர்களைக் காப்பாற்ற வேண்டும். அவர்கள் போனால் எல்லாம் போச்சு, மறுபடி முதல் செங்கல்லிலிருந்து.

இது தனியாக உட்கார்ந்து ஆடுகிற ஆட்டம். ஆனால் கத்திரி வெயிலில் வேலூர் மாடி அறையில் உட்கார மனிதப் பிறவியால் முடியாது. ஏசி ஹாலில்தான் இருக்கிறது. ஆயாவின் கடைசி சீரியல் முடிந்ததும் லேப்டாப்பை டிவியில் சொருகினேன். எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது.

ஆயாவுக்குக் கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று. இந்த உலகம் நாசமானதே மந்திரத்தால்தான், இப்போது மந்திரத்தையே ஒழிக்கக் கடைசியாக ஒரு மந்திரம் போடுகிறார்கள் என்றேன். ஆயா கொஞ்சமும் அசரவில்லை. "அப்படித்தான்டா. செய்வினை வெச்சவன்தான் எடுக்கணும்." பிரெஞ்சுக்காரர்கள் அத்தனை காட்சிகளில் சொன்னதை வெற்றிலையை மடித்தபடியே முடித்துவிட்டது.

நைனா வேறு ரகம். கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்தே ரிட்டயர் ஆனவர். நான் மர மதில் எழுப்பியதுமே மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"இன்னாடா, கடக்கால் எடுக்காம செவுரு கட்டிக்கினு கீற?"

"அது கிளிக் பண்ணா நின்னுடும் நைனா."

"அகழி எங்க? நம்ம கோட்டைய பாத்துட்டுமா இப்டி கட்ற?"

இந்த ஆட்டத்தில் அகழி கிடையாது என்றேன். அன்றிலிருந்து பிரான்ஸ் நாட்டுப் பொறியாளர்கள் மேல் அவருக்கு மரியாதை போய்விட்டது. இடிபாட்டிலிருந்து எடுத்த கல்லுக்கு ரெஜிஸ்டர் உண்டா என்று வேறு கேட்டார்.

ஊருக்குள் ஒரு ஞானதிருஷ்டிக்காரியின் கட்டடம் உண்டு. அடுத்த ராத்திரி பேய்கள் எந்தத் திசையிலிருந்து வரும் என்று அது காட்டும். ஆயாவுக்கு அந்தக் குறிக்காரி மேல் நம்பிக்கையே இல்லை. "அவ தெக்கன்னா நீ வடக்கயும் ஒருத்தன வை" என்று ஒரே பிடிவாதம். ஆயாவின் மனம் நோகக்கூடாது என்று என் நல்ல வில்லாளி ஒருவன் வடக்கு மதிலருகே ராத்திரியெல்லாம் சும்மாவே நின்றான். தெற்கே மற்றவர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, அது முறை வைத்து நடப்பதுதான். நாம் நம் முறையை முடிக்கும்வரை பேய்கள் காத்திருக்கும். ஆயா மாத்திரை போட எழுந்தால் காத்திருக்கும். அம்மா வந்து "இது பாட்டா, மிக்சியா?" என்று அந்த மெட்டல் இசையின் சத்தத்தைக் குறைக்கும்வரை காத்திருக்கும். எங்கள் சொந்தக்காரர்களிடம்கூட இந்த நாகரிகத்தை நான் பார்த்ததில்லை.

ஒரு ராத்திரி மதிலை உடைத்துக்கொண்டு பேய்கள் உள்ளே வந்துவிட்டன. நைனா ரிமோட்டால் மேசையைத் தட்டி, 1806 ஜூலை 10-ஐ எடுத்துவிட்டார். விடியற்காலையில் சிப்பாய்கள் எழுந்தது, திப்புவின் பிள்ளைகளை வைத்திருந்த அரண்மனை, மைசூர்க் கொடி ஏறியது எல்லாம் சொல்லி, "ஆர்க்காட்டுலேர்ந்து கில்லெஸ்பி குதிரப்படையோட வந்துட்டான், கோட்ட மறுபடி வெள்ளக்காரன் கைக்குப் போச்சு. உனக்கு எங்கேர்ந்துடா வரும்?" என்றார். எங்கிருந்தும் வராது நைனா என்றேன். "அப்போ இன்னாத்துக்கு ஆட்டம்?" அந்தப் பிரசங்கம் முடியும்வரை ஒரு பெரிய பேய் வாயைப் பிளந்தபடி நின்றுகொண்டிருந்தது. அதுவும் கேட்டிருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

கடைசி ராத்திரி, பெருந்தலைப் பேய் வருகிற நேரம் பார்த்துக் கரண்ட் போனது. டிவி, ஏசி எல்லாம் அவுட். லேப்டாப்பில் மட்டும் கொஞ்சம் சார்ஜ் இருந்தது. குடும்பத்தோடு மொட்டைமாடிக்கு ஏறினோம். நைனா டார்ச் பிடிக்க, அம்மா கொசுவை விரட்ட, ஆயா "அடிடா அவன, அடிடா" என்று குரல் கொடுக்க, பிரமாதமாகத் தோற்றோம். மந்திரவாதிகளும் காலி, ஊரும் காலி.

ஆனாலும் இந்த வகை ஆட்டங்களில் தோற்றவன் வெறுங்கையோடு திரும்புவதில்லை. செத்த பேய்களிடமிருந்து சேர்ந்த ஒரு சாரம் கையில் நிற்கும். இரண்டு தேவதைகளில் ஒருத்தியிடம் அதைக் கொடுத்தால் அடுத்த ஆட்டத்துக்குப் புது ஆயுதமோ கட்டடமோ திறந்துவிடுவாள். விளக்கினேன். ஆயா தலையாட்டியது. "விட்ட கொற தொட்ட கொற."

மறுநாள் காலை. வாசலில் கோலத்தை முடித்த ஆயா, மாடியில் நின்ற என்னைப் பார்த்துத் தெருவே கேட்கிற குரலில் கேட்டது.

"டேய், இன்னிக்கு ராத்திரி எந்தப் பக்கம்டா வர்றானுங்க?"

நான் அரைத்தூக்கத்தில், "தெக்கயும் கெழக்கயும் ஆயா. நெறைய பேரு" என்றேன்.

"நேத்து நம்மாளுங்க அத்தன பேரும் செத்தானுங்களே. நைனாகிட்ட சொல்லி செவுர ஒசத்தச் சொல்லு."

எதிர்வீட்டு அம்மா பால் பாக்கெட்டோடு உள்ளே ஓடியதை நான் கவனித்தேன். கவனித்ததோடு சரி, போய்ப் படுத்துவிட்டேன்.

மத்தியானத்துக்குள் பேய்ப்படை திருட்டுக் கும்பலாகியிருந்தது. சாயங்காலம் அதன் கையில் இரும்புக் கம்பி வந்துவிட்டது. தெருவே திரண்டு போய் முறையிட்டதில், பல மாதமாக அழுது வடிந்த தெருவிளக்கு அன்றைக்கே பளிச்சென்று எரிந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று கிளம்பிய என்னை நைனா கேட்டருகே மடக்கினார். "வாயத் தொறந்தீன்னா வெளக்க கழட்டினு போயிடுவானுங்க."

அப்போது எதிர்வீட்டு மாமா விசிலும் தடியுமாக வந்து நின்றார். எந்தப் பக்கம் சார் வர்றானுங்க என்றார். நைனா முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"தெக்கப் பக்கம் நீங்க பாத்துக்குங்க சார். கெழக்க எங்க பையன் பாத்துப்பான், அவனுக்குப் பழக்கம்."