தளத்தைப் புதுப்பித்தேன், கூகுள் வழி அடைபட்டது

களுவாஞ்சிகுடியில் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வகுப்பில் கொடுக்கும் குறிப்புகளை 2017 முதல் ஒரு தளத்தில் போட்டு வருகிறேன். பாடக்குறிப்பு, கடந்தகால வினாத்தாள் விளக்கம், செய்முறைப் படம் என்று 412 பக்கங்கள் சேர்ந்துவிட்டன. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் ரியூசனுக்கு வர முடியாத பிள்ளைகள் நிறையப் பேர். அங்கே மண்டூரிலிருந்து வருவதென்றால், வாவியைக் கடக்கும் பாதை என்ற மிதவைப் படகில் ஏறிக் குருமண்வெளியில் இறங்க வேண்டும். பின்னேர வகுப்பு முடிந்து இருட்டில் திரும்பிப் போகப் பொம்பிளைப் பிள்ளைகளை வீட்டில் விட மாட்டார்கள். அவர்களுக்கு அந்தத் தளம்தான் வகுப்பு. தளத்தின் பெயரை யாரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. கூகுளில் பாடத்தின் பெயரை எழுதுவார்கள், என் பக்கம் மேலே நிற்கும், உள்ளே வருவார்கள். அப்படி நாளுக்கு ஏறக்குறைய 900 பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

மாரியில் வெள்ளம் வந்து வகுப்பு இரண்டு கிழமை நின்றது. சும்மா இருந்த நேரத்தில் தளத்தைப் புதுப்பிக்கலாம் என்று தொடங்கினேன். நியாயமான காரணங்கள் இருந்தன. பழைய வடிவம் போனில் திறக்க நேரம் எடுத்தது. மற்றது, பக்கங்களின் முகவரிகள் தமிழில் இருந்தன. வாசிக்க அழகுதான், ஆனால் வட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறியும் எண்ணுமாக ஐந்தாறு வரிக்கு நீண்டு, ஏதோ வைரஸ் இணைப்பு என்று பெற்றோர் பயந்து தொடமாட்டார்கள். எல்லாவற்றையும் சின்ன ஆங்கில முகவரியாக மாற்றச் சொன்னேன். கல்முனையில் இந்த வேலை செய்யும் ஒரு தம்பி, பரீட்சார்த்த முகவரி ஒன்றில், தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸைப் புதிதாக நிறுவிக் கட்டித் தந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பழையதைத் தூக்கிவிட்டுப் புதியதை வைத்தோம். வடிவம், முகவரி, பக்கத்தின் உள்ளடக்கம் மூன்றும் ஒரே நாளில் மாறின. அதுதான் பெரிய பிழை. வீழ்ச்சி வந்தபோது எதனால் வந்தது என்று பிரித்துப் பார்க்க எனக்கு வழியே இருக்கவில்லை.

முதல் சில நாள் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஐந்தாம் நாள் 600. பத்தாம் நாள் 210. மூன்றாம் கிழமை 40. சாதாரண தரப் பரீட்சைக்கு மூன்று மாதம்கூட இல்லை. அந்த 40 என்ற எண்ணைப் பார்த்த இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. மீதிப் பிள்ளைகள் அந்த நேரம் எங்கே தேடிக்கொண்டிருப்பார்கள் என்பதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு தளம் கூகுளில் எப்படி நிற்கிறது என்று அதன் சொந்தக்காரருக்குக் காட்டும் சேர்ச் கொன்சோலைத் திறந்தால் ஒரு காரணம் உடனே பிடிபட்டது. பரீட்சார்த்தத் தளத்தைக் கூகுள் எடுத்துவிடக்கூடாது என்று வேர்ட்பிரஸில் ஒரு பெட்டியில் சரி போட்டு வைத்திருப்பார்கள். அந்தச் சரி அப்படியே நேரடித் தளத்துக்கும் வந்துவிட்டது. ஒவ்வொரு பக்கமும் "என்னைப் பட்டியலில் சேர்க்காதே" என்று கூகுளிடம் சொல்லிக்கொண்டிருந்தது. எடுத்துவிட்டோம், ஒரு நிமிட வேலை. இனி எல்லாம் திரும்பி வரும் என்று நம்பிப் படுத்தேன். வரவில்லை.

பழைய முகவரிகள் எல்லாம் 404, அதாவது "பக்கம் இல்லை" என்று காட்டிக்கொண்டிருந்தன. பெயர் அதே, பாடம் அதே, எழுதியவன் நான்தான். ஆனாலும் கூகுள் இடம் கொடுத்து வைத்திருந்தது ஒவ்வொரு பக்கத்தின் முகவரிக்கும். பேஸ்புக் குழுக்களிலும் வேறு ஆசிரியர்களின் தளங்களிலும் ஆறேழு வருடமாகச் சேர்ந்த இணைப்புகள் எல்லாம் அந்தப் பழைய முகவரிகளைத்தான் காட்டின. பாதை அடையும் துறையை இடம் மாற்றினால், பழைய துறையில் ஒரு ஆளை நிறுத்தி "இனி அங்கே போங்கள்" என்று சொல்ல வேண்டும். 301 என்ற நிரந்தர வழிமாற்றம் செய்வது அந்த வேலையைத்தான். நான் ஆளை நிறுத்தாமல் துறையைப் பூட்டியிருந்தேன்.

அவசரத்தில் இன்னொரு பிழையும் செய்தேன். கிடைக்காத முகவரி எதுவானாலும் முன்பக்கத்துக்குப் போகட்டும் என்று ஒரே விதியாகப் போட்டேன். அடுத்த நாளே மண்டூரிலிருந்து ஒரு பிள்ளை எழுதியது: "சேர், கண்ணின் படம் போட்ட பக்கம் எங்க? எதை அமத்தினாலும் முன்பக்கம்தான் வருது." கூகுளுக்கும் அது பிடிக்காது. சம்பந்தமில்லாமல் எல்லாவற்றையும் முன்பக்கத்துக்குத் திருப்பினால், பக்கம் இல்லாததற்குச் சமமாகத்தான் அது எடுத்துக்கொள்ளும். அன்றிரவே விதியை அழித்தேன். ஒவ்வொரு பழைய பக்கத்தையும் அதற்கு நேரான புதிய பக்கத்துக்கு அனுப்பினால்தான் சரி.

அதற்குப் பழைய முகவரிப் பட்டியல் வேண்டும். அது என்னிடம் இல்லை. சரி, முகவரி தலைப்பிலிருந்துதானே வருகிறது, தலைப்புகளை வைத்துத் திரும்பக் கட்டலாம் என்று ஒரு கிழமை இரவிரவாக இருந்து 412 வரி எழுதினேன். பாதிக்கு மேல் வேலை செய்யவில்லை.

ஏன் என்று கண்டுபிடிக்க இன்னும் மூன்று நாள் போனது. தமிழ் முகவரி வைத்திருக்கும் எவருக்கும் இது உதவும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இணையத்தில் தமிழை வைக்கும் யூனிகோடின் UTF-8 முறையில் ஒரு தமிழ் எழுத்தோ, அதன்மேல் வரும் புள்ளியோ, கொம்போ, விசிறியோ ஒவ்வொன்றும் மூன்று பைட் (கணினியின் சேமிப்பு அலகு). முகவரிக்குள் போகும்போது ஒரு பைட் மூன்று குறியாக மாறும். ஆக, ஒன்றுக்கு ஒன்பது இடம். மட்டக்களப்பு என்ற ஒரு சொல் மட்டும் 108 இடம் பிடிக்கும். வேர்ட்பிரஸ் ஒரு முகவரிக்கு ஒதுக்கும் மொத்த இடமே 200தான். அதற்கு மேல் போனால் ஒன்றும் சொல்லாமல் வெட்டிவிடும். "ஒளித்தொகுப்பு பாடக்குறிப்பு தரம் 11" என்று நான் வைத்த தலைப்பு, பழைய தளத்தில் "ஒளித்தொகுப்பு-பாடக்குறி" என்பதோடு நின்றிருக்கிறது. ஆறு வருடமாக அந்த வெட்டுப்பட்ட முகவரிதான் கூகுளில் மேலே நின்றது, நான் கவனித்ததே இல்லை. நான் எழுதிய விதி முழுத் தலைப்புக்கு வழி காட்டியது. அந்த வழியால் ஒருவரும் வருவதில்லை.

பிறகு உண்மையான முகவரிகளைத் தேடிப் பொறுக்கினேன். சேர்ச் கொன்சோல் 16 மாதத்துக் கணக்கை வைத்திருக்கிறது, எந்தப் பக்கத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதை அங்கிருந்து இறக்கலாம். பெரும்பகுதி அதிலேயே கிடைத்தது. மீதியில் சில, பழைய இணையப் பக்கங்களின் பிரதியைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில், சில எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவின் பழைய செய்திகளில். கல்முனைத் தம்பியும் மனம் கோணாமல் கூடவே இருந்தார். அதிகம் பேர் வந்த 60 பக்கங்களை முதலில் முடித்தோம். பழைய முகவரிகளை, எதற்குள் நுழையக்கூடாது என்று தேடுபொறிக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் தடுத்துவிடலாமா என்று தம்பி கேட்டார். வேண்டாம் என்றேன். தடுத்தால் கூகுள் அந்த முகவரிக்குள் நுழையாது, நுழையாவிட்டால் நாங்கள் போட்ட வழிமாற்றத்தைப் பார்க்காது.

அதோடு மெல்ல ஏறத் தொடங்கியது. ஆனால் சில பக்கங்கள் அசையவே இல்லை. மின்னியல், மரபியல், அமிலமும் மூலமும் என்று பிள்ளைகள் அதிகம் தேடும் பாடங்கள். வழிமாற்றம் சரி, கூகுள் பட்டியலிலும் இருக்கிறது, ஆனால் ஐந்தாம் பக்கத்தில். புதிய வடிவம் அழகாக இருக்க வேண்டும் என்று அந்தப் பாடங்களின் நீண்ட விளக்கத்தை எடுத்துவிட்டு, ஒரு பீடிஎப் கோப்பும் "பதிவிறக்கு" என்ற பொத்தானும் மட்டும் வைத்திருந்தேன். அந்தக் கோப்புகள் நான் பாமினி எழுத்துருவில் தட்டியவை. எங்கள் பக்கத்து ஆசிரியர்கள் பலர் இன்றைக்கும் பாமினியில்தான் தட்டுகிறோம். கண்ணுக்குத் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில விசைகளின் குறிகள். அதிலிருந்து ஒரு வரியைப் பிரதிசெய்து வேறு இடத்தில் ஒட்டிப் பார்த்தேன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து விழுந்தது. கூகுளுக்குத் தெரிவதும் அதுதான். மரபியல் என்ற சொல் அந்தக் கோப்பில் ஒரு இடத்திலும் இல்லை!

யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன. மாற்றினேன், பிழை பார்த்தேன், விளக்கங்களைப் பக்கத்திலேயே எழுத்தாகப் போட்டேன், படங்களுக்குக் கீழே அவை என்ன என்று தமிழில் எழுதினேன். 38 பாடங்கள். வகுப்பு முடிந்து இரவு பத்து மணிக்கு இருந்தால் எழும்பச் சாமம் ஒன்றரை மணி ஆகும். மனைவி பக்கத்தில் இருந்து வாசிக்க வாசிக்க நான் பிழை திருத்தினேன்.

இதற்கிடையில் தலைப்புகளையும் மாற்றிப் பார்ப்போமா என்று கை துறுதுறுத்தது. கொழும்பில் இணையத்தள வேலையில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன், "சேர், இனி ஒன்றையும் தொடாதீங்க, கூகுள் பார்த்து முடிக்கட்டும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். கூகுளே நடுத்தர அளவுத் தளத்தின் பெரும்பாலான பக்கங்கள் இடம் மாறச் சில கிழமை எடுக்கும் என்றுதான் சொல்கிறது. எல்லாப் பக்கங்களின் முகவரிகளும் அடங்கிய புதிய தளவரைபடத்தைக் கூகுளுக்குக் கொடுத்துவிட்டு, முக்கியமான பக்கங்களைப் பட்டியலில் சேர்க்கும்படி நாளுக்குச் சிலவாகக் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். அந்தக் காத்திருப்பு வேலையை விடக் கஷ்டமாக இருந்தது.

பரீட்சைக்கு மூன்று கிழமை இருக்கும்போது எண்ணிக்கை 500ஐத் தாண்டியது. பரீட்சைக் கிழமையில் 740. ஒளித்தொகுப்பு பழைய இடத்துக்கே வந்துவிட்டது. மரபியல் வரவில்லை, நான் இல்லாத இரண்டு மாதத்தில் வேறொரு நல்ல தளம் அந்த இடத்தைப் பிடித்துவிட்டது. பிள்ளைகளுக்குச் சரியான விளக்கம் அங்கே கிடைக்கிறது, அதனால் எனக்கு அதில் பெரிய கவலை இல்லை.

வழிமாற்றங்களைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். நான் எடுக்கப் போவதில்லை. இப்போது 390 வரி இருக்கிறது, ஒரு கொப்பியிலும் எழுதி வைத்திருக்கிறேன். இன்னும் எங்கோ ஒரு பழைய இணைப்பை அமத்தி 404க்கு வந்து சேரும் பிள்ளைகள் நாளுக்கு இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். ஞாயிறு காலை வகுப்பு முடிந்ததும் அந்தப் பட்டியலைத் திறந்து, அவர்கள் தேடி வந்தது எந்தப் பாடம் என்று பார்த்து, ஒவ்வொன்றாக வழி போட்டுக்கொண்டிருக்கிறேன்.