கடலோரப் பிள்ளைகளுக்கும் தீவைக் காட்ட வேண்டும்

பாம்பன் பகுதி மீனவக் குடியிருப்புகளில் இருந்து வரும் பிள்ளைகளுக்கு அறிவியல் நடத்துகிறேன். அவர்களைக் குருசடைத் தீவுக்கு அழைத்துப் போக வேண்டும் என்று பேச்செடுத்தாலே, "நாள்தோறும் கடலில் கிடக்கிற பிள்ளைகளுக்குத் தீவில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்பார்கள். எனக்குக் கோபம் வரும். எங்கிருந்தோ சுற்றுலா வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இந்தக் கடலை நம்பிப் பிழைக்கப் போகிறவர்கள் மட்டும் கரையில் நிற்க வேண்டுமா?

பாம்பனை அடுத்த குந்துகாலில் வனத்துறைப் படகு ஏறினால் குருசடை அதிக தூரமில்லை. மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது, அதில் 21 தீவுகள் என்பதெல்லாம் வகுப்பில் ஒரு மதிப்பெண் விடையாக முடிந்துவிடும். நான் காட்ட நினைத்தது கடலட்டையை, கடலடி மணலில் கிடக்கும் வெள்ளரிக்காய் போன்ற உயிரை.

ஒருவழியாகப் பிள்ளைகளோடு தீவுக்குப் போன அன்று கடல் வற்றியிருந்தது. கரையோரத் தெளிந்த நீரில் ஒரு வெள்ளை அட்டை பாதி மணலில் புதைந்து கிடந்தது. முதலில் கண்டவன் ஏழாம் வகுப்புப் பையன். காய்ந்த அட்டை என்ன விலைக்குப் போகும் என்று அவனே சொன்னான். "2001 முதல் பிடிக்கக் கூடாது, பிடித்தால் வழக்கு" என்றாள் ஒரு சிறுமி. ஏன் கூடாது என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வழக்கு தெரிந்த அளவுக்குக் காரணம் யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

தொடாமல் பார்க்கச் சொன்னேன். அட்டை மணலை விழுங்குகிறது. அதில் கலந்திருக்கும் மக்கிய கழிவைத் தின்றுவிட்டு மணலை வெளியே தள்ளுகிறது. அதன் பின்னால் மணல் கோவை கோவையாகக் கிடந்ததைப் பிள்ளைகளே காட்டினார்கள். "அப்படியானால் இது இல்லாவிட்டால் அடிமணல் கெட்டுப்போகுமா டீச்சர்?" என்றான் அந்தப் பையன். அடுத்ததாக, "இலங்கையில் பிடிக்கிறார்களே?" என்றான். நியாயமான கேள்வி. அங்கே உரிமம் உண்டு, இங்கே முழுத் தடை. அவன் வீட்டில் இதைப் பேசியிருப்பார்கள். ஆணும் பெண்ணும் தனித்தனியாகத் தண்ணீரில் விடும் விந்தும் முட்டையும் கலந்தால்தான் குஞ்சு. அள்ளி அள்ளி ஏற்றுமதி செய்து, மிச்சம் இருப்பவை எட்ட எட்டப் போய்விட்டால் இனம் பெருகாது என்று விளக்கினேன். தடை சரியா தவறா என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. காரணம் தெரிந்த பிறகு வீட்டில் அவர்களே பேசட்டும்.

கரையெங்கும் செத்த பவளத் துண்டுகள். ஒன்றை எடுத்துத் துளைகளைப் பார்த்துவிட்டு அங்கேயே வைத்தோம். தேசியப் பூங்காவில் இருந்து சிப்பிகூட எடுத்து வரக் கூடாது. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் இந்தப் பவளப் பாறைகளை வெட்டி எடுத்த காலம் ஒன்று இருந்தது. அலையைத் தடுக்கும் பாறை போன பின் கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டித் தீவும் தூத்துக்குடிப் பக்கம் விலங்குசல்லித் தீவும் நீருக்குள் போய்விட்டன. 21இல் இரண்டு போயின என்றதும் பிள்ளைகள் காலடி மணலைக் குனிந்து பார்த்தார்கள்.

பாதுகாப்பு என்றால் மீனவரை விரட்டுவது என்று இங்கே பலர் நினைக்கிறார்கள். பாம்பன் பக்கத்தில் சின்னப்பாலம் ஊர்ப் பெண்களைப் பாருங்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு கடலில் முங்கிக் கடல்பாசி எடுப்பவர்கள். பாசி மறுபடி வளர வேண்டும் என்று, எடுக்கும் நாள்களைத் தாங்களே குறைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல், தீவுகளின் இயற்கையைக் காக்க உழைப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி விருது கிடைத்தது. பாடப்புத்தகத்தில் வர வேண்டிய செய்தி இது.

திரும்பும்போது பாசி எடுப்பதைப் பற்றி நான் சொன்னதைவிட, அம்மாவோடு கடலுக்குப் போகும் ஒரு மாணவி சொன்னதைத்தான் எல்லாரும் கேட்டார்கள். அடுத்த பயணத்துக்கு அவள் அம்மாவையே வந்து பேசக் கேட்டிருக்கிறேன். பாசிக்குப் போகாத நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள், வருகிறேன் என்றிருக்கிறார். தலைமையாசிரியரிடம் தேதியை அதற்கேற்ப மாற்றித் தரச் சொல்லி விண்ணப்பம் கொடுத்துவிட்டேன்.